உணவுப் பொருள் ரீகால் அறிவிப்பு வந்தால் என்ன செய்ய வேண்டும்? முழுமையான வழிகாட்டி

ஒரு பொருளில் கிருமி இருக்கிறது, யாரும் சாப்பிடாதீர்கள் என்று அறிவிப்பு வரும் நாளில், அந்தப் பொருள் நம் வீட்டுக்கு வந்து பெரும்பாலும் வாரக்கணக்கில் ஆகியிருக்கும். பாதி தீர்ந்திருக்கும். மீதியை வேறு டப்பாவில் கொட்டி வைத்திருப்போம், உறையைக் குப்பையில் போட்டிருப்போம். அறிவிப்பில் கொடுத்திருக்கும் பேட்ச் நம்பர், அதாவது ஒரே தொகுப்பாகத் தயாரித்த பொருள்களுக்கான எண், நம் டப்பாவில் இருப்பதற்கும் பொருந்துமா என்று பார்க்க வழியே இருக்காது. அதனால் ரீகாலுக்கான, அதாவது விற்ற பொருளைத் திரும்பப் பெறும் அறிவிப்புக்கான, வேலை அறிவிப்பு வந்த பிறகு தொடங்குவதில்லை, பொருளை வாங்கி வந்த அன்றே தொடங்குகிறது. இந்த வழிகாட்டியில் வேறு எதை மறந்தாலும் சரி, இதை மட்டும் மறக்காதீர்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2015-ல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, கெட்டுப்போன அல்லது மாசுபட்ட உணவால் ஆண்டுக்குச் சுமார் 60 கோடி பேர் நோய்வாய்ப்படுகிறார்கள், 4,20,000 பேர் இறக்கிறார்கள். இறப்பவர்களில் 1,25,000 பேர் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள். இதையெல்லாம் "வயித்துல ஏதோ சேரல" என்று சொல்லிக் கடந்துபோக முடியாது.

அறிவிப்பு ஏன் தாமதமாகவே வருகிறது

இதைப் புரிந்துகொண்டால் மீதி எல்லாம் தானாகப் புரியும். ஒருவர் சால்மோனெல்லா என்ற கிருமி கலந்த ஏதோ ஒன்றைச் சாப்பிடுகிறார். ஓரிரு நாள் கழித்து வயிற்றுப்போக்கு, காய்ச்சல். இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு டாக்டரிடம் போகிறார். டாக்டர் மலப் பரிசோதனைக்கு எழுதினால்தான் கிருமி இன்னதென்று தெரியும். எழுதவில்லை என்றால் அவர் நோயாளியாகக் கணக்கிலேயே வரமாட்டார். சோதனைக்கூடம் கிருமியை வளர்த்து அடையாளம் காண வேண்டும், அதன் மரபணு வரிசையைப் பார்க்க வேண்டும், வேறு ஊர்களில் வேறு நோயாளிகளிடம் கிடைத்த கிருமியோடு அது ஒத்துப்போகிறதா என்று ஒப்பிட வேண்டும். சாப்பிட்ட நாளிலிருந்து இந்த இடத்துக்கு வரவே மூன்று நான்கு வாரம் ஆகிவிடலாம். அதற்குப் பிறகுதான் "இவர்கள் எல்லாரும் பொதுவாக எதைச் சாப்பிட்டார்கள்" என்ற விசாரணை. நான்கு வாரத்துக்கு முன்னால் சாப்பிட்டது யாருக்கு நினைவிருக்கும்?

2011-ல் ஜெர்மனியில் பரவிய ஈ.கோலை என்ற குடல் கிருமி இதற்கு ஒரு கசப்பான உதாரணம். ஏறக்குறைய 4,000 பேருக்கு நோய், 800-க்கும் மேற்பட்டவர்களுக்குச் சிறுநீரகம் பாதிக்கும் கடுமையான நிலை, 50-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். முதலில் ஸ்பெயினிலிருந்து வந்த வெள்ளரிக்காயின் மேல் பழி விழுந்தது. பிறகுதான் அது இல்லை, முளைகட்டிய வெந்தயம் என்று தெரிந்தது. தட்டின் ஓரத்தில் அலங்காரத்துக்குத் தூவிய முளையைச் சாப்பிட்டது பலருக்கு ஞாபகமே இல்லை. கடைசியில் விசாரணைக்காரர்கள் நோயாளிகளின் நினைவை நம்புவதை விட்டுவிட்டு, ஒரு உணவகத்தில் எந்தெந்தச் சாப்பாட்டில் என்னென்ன போட்டார்கள் என்று சமையலறையின் செய்முறைகளைக் கேட்டு வாங்கிப் பொருத்திப் பார்த்தார்கள். அப்புறம்தான் விடை கிடைத்தது.

தென்னாப்பிரிக்காவில் 2017-ல் தொடங்கிய லிஸ்டீரியா என்ற கிருமியின் பரவலில் இன்னும் தாமதம். 1,000-க்கும் மேற்பட்டோருக்கு நோய், 200-க்கும் மேற்பட்டோர் மரணம், அவர்களில் பச்சிளம் குழந்தைகள் நிறைய. ஓராண்டுக்கு மேல் எந்த உணவு என்றே தெரியவில்லை. 2018 ஜனவரியில் சொவெட்டோவில் ஒரு பகல்நேரக் குழந்தைகள் காப்பகத்திலிருந்து சில குழந்தைகள் வாந்தி பேதியோடு மருத்துவமனைக்கு வந்தார்கள். மலத்தைச் சோதனைக்கு அனுப்பினார்கள், லிஸ்டீரியா இருந்தது. அந்தக் காப்பகத்துக்கே போய் ஃபிரிட்ஜில் மிச்சமிருந்த உணவை எடுத்துச் சோதித்தார்கள். போலனி என்ற, வேகவைத்து அடைத்து விற்கும் இறைச்சி. அதைப் பின்தொடர்ந்து தொழிற்சாலை வரை போனார்கள். மார்ச் 4 அன்று அறிவிப்பு வந்தது. ஒரு டாக்டர் எழுதிய மலப் பரிசோதனையும் ஃபிரிட்ஜில் வீசாமல் விட்டிருந்த மிச்சமும் சேர்ந்து ஒரு நாட்டின் பரவலுக்கு விடை சொன்னது என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் வியப்பு அடங்கவில்லை. கீழே சொல்லப்போகும் சில வேலைகளுக்கு இது காரணம்.

முதல் வேலை: வாங்கி வந்த அன்று

மாவு, பால் பவுடர், மசாலாத் தூள், பருப்பு வகைகள், உறைய வைத்த காய், இறைச்சி என எதை உறையிலிருந்து வேறு டப்பாவுக்கு மாற்றினாலும், அடையாளம் உறையோடு போய்விடுகிறது. அந்த உறையில் மூன்று விஷயம் முக்கியம். ஒன்று, பேட்ச் நம்பர், சிலவற்றில் லாட் நம்பர் என்று இருக்கும். இரண்டு, தயாரித்த தேதியும் காலாவதி தேதியும். மூன்று, பார்கோடும் அதன் கீழே இருக்கும் எண்களும். பொருளின் பெயர், எடை எல்லாம் அச்சிலேயே இருப்பதால் அவை பிரச்சினை இல்லை.

பேட்ச் நம்பரைத் தேடுவதுதான் கொஞ்சம் கஷ்டம். அது அழகாக அச்சடித்த பகுதியில் இருக்காது. உறை தயாரான பிறகு ஓடும் இயந்திரத்தில் புள்ளி புள்ளியாகத் தெளித்த கறுப்பு மை எழுத்து அது. பையின் மேல் ஒட்டுப் பகுதியில், பாட்டிலின் கழுத்தில், டப்பாவின் அடியில், அட்டைப்பெட்டியின் மடிப்பில் இருக்கும். ஈரக்கை பட்டால் சில மை அழிந்துவிடும். கொடுமை என்னவென்றால், பையைத் திறக்கக் கத்தரிக்கோலால் வெட்டி எறிகிறோமே, அந்த மேல் துண்டில்தான் பல கம்பெனிகள் அதைப் போடுகின்றன. எழுத்தும் எண்ணும் கலந்து இருக்கும். நடுவில் 045 போல மூன்று இலக்கம் வந்தால் அது பல நேரம் ஆண்டின் 45-வது நாளைக் குறிக்கும், அதாவது பிப்ரவரி 14. தொடர்ந்து வரும் எழுத்து எந்த இயந்திரம், எந்த ஷிஃப்ட் என்பதாக இருக்கலாம். நமக்கு இதன் பொருள் தெரிய வேண்டியதில்லை, எண் அப்படியே கையில் இருந்தால் போதும்.

எனவே, கத்தரிக்கோலை எடுப்பதற்கு முன் செல்போனை எடுங்கள். உறையின் முன்பக்கம் ஒரு படம், எண் இருக்கும் இடம் ஒரு படம். எண் படத்தில் தெளிவாக விழுந்திருக்கிறதா என்று பெரிதாக்கிப் பார்த்துவிடுங்கள், பளபளப்பான உறையில் வெளிச்சம் பட்டு மறைந்துவிடும். எல்லாப் பொருளுக்கும் இதைச் செய்ய யாராலும் முடியாது, நானும் அதைச் சொல்லவில்லை. குழந்தைக்கான பால் பவுடருக்குக் கட்டாயம் செய்யுங்கள். சமைக்காமல் அப்படியே சாப்பிடுபவற்றுக்கும், மாதக்கணக்கில் வீட்டில் இருக்கப்போகும் மாவு, ஃப்ரீசர் பொருள்களுக்கும் செய்யுங்கள். போட்டோ எடுக்கப் பிடிக்காதவர்கள் எண் இருக்கும் துண்டை வெட்டி டப்பாவிலேயே ஒட்டிவிடலாம்.

பில்லையும் வைத்திருங்கள். கடையின் உறுப்பினர் அட்டை வைத்திருப்பவர்களின் கொள்முதல் பதிவே சில விசாரணைகளைத் திருப்பியிருக்கிறது. 2009-10ல் அமெரிக்காவில் 272 பேரைப் பாதித்த சால்மோனெல்லா பரவலில், நோயாளிகளின் அனுமதியோடு அவர்களுடைய அட்டைப் பதிவுகளைப் பார்த்துத்தான் மிளகு தூவிய ஒரு இறைச்சி வகையை அடையாளம் கண்டார்கள். கிருமி மிளகில் இருந்தது.

இரண்டாவது வேலை: அறிவிப்பை முழுசாகப் படிப்பது

செல்போனில் ஃபார்வர்டாக வரும் எச்சரிக்கைக்கும் உண்மையான ரீகால் அறிவிப்புக்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது எளிது. உண்மையான அறிவிப்பில் பொருளின் சரியான பெயர், எடை, பேட்ச் நம்பர், தேதி, காரணம், தொடர்புக்கு ஒரு வழி ஆகியவை இருக்கும். "இந்த கம்பெனி பொருளை வாங்காதீர்கள், எல்லாருக்கும் பகிருங்கள்" என்று மட்டும் இருந்தால் அது அறிவிப்பு இல்லை. உங்கள் நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் இணையதளத்திலோ கம்பெனியின் தளத்திலோ பார்த்து உறுதி செய்யாமல் யாருக்கும் அனுப்பாதீர்கள். பல நாடுகளின் ஆணையங்கள் மின்னஞ்சலிலோ ஆப்பிலோ எச்சரிக்கை அனுப்புகின்றன, ஒரு தடவை பதிவு செய்தால் போதும்.

அடுத்து காரணத்தைப் பாருங்கள். எல்லா ரீகாலும் கிருமிக்காக வருவதில்லை. பால், முட்டை, வேர்க்கடலை, கோதுமை போன்ற ஒவ்வாமைப் பொருளை உறையில் குறிப்பிடாமல் விட்டதற்காக வருபவை ஏராளம். அந்த ஒவ்வாமை உள்ளவருக்கு அது உயிர் போகும் விஷயம். கண்ணாடித் துண்டு, உலோகத் துகள் விழுந்ததற்காக வருபவை உண்டு. பிறகு ரசாயனம். 2008-ல் சீனாவில் பால் பவுடரில் மெலமைன் என்ற, பிளாஸ்டிக் செய்யப் பயன்படும் ரசாயனம் கலந்து ஏறக்குறைய 3,00,000 குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள், 6 கைக்குழந்தைகள் இறந்தார்கள். 2023-ல் அமெரிக்காவில் குழந்தைகளுக்கான ஆப்பிள் கூழில் சேர்த்த பட்டைத் தூளில் ஈயம் இருந்தது. ஈயத்தைக் கொதிக்க வைத்துப் போக்க முடியாது. காரணம் தெரிந்தால்தான் உடம்பில் எதைக் கவனிக்க வேண்டும், எந்தப் பரிசோதனை கேட்க வேண்டும் என்பது தெரியும்.

பொருத்திப் பார்க்கும்போது ஒரு எண்ணை மட்டும் பார்த்துவிட்டு முடிவுக்கு வராதீர்கள். பெயர், எடை, பேட்ச், தேதி நான்கையும் பாருங்கள். ஒரே பிராண்டின் 200 கிராம் பாக்கெட் பட்டியலில் இருக்கும், 500 கிராம் இருக்காது. எண் அழிந்துவிட்டது, உறை இல்லை, அதே பொருள்தான் என்று மட்டும் தெரியும் என்றால்? வீட்டில் வைத்திருக்காதீர்கள். சந்தேகத்தின் பலன் நமக்குத்தான் கிடைக்க வேண்டும், டப்பாவில் இருப்பதற்கு இல்லை.

பட்டியல் வளரும் என்பதையும் மனதில் வையுங்கள். முதல் நாள் அறிவிப்பில் உங்கள் பொருள் இல்லை என்பதோடு நிம்மதியாகிவிட முடியாது. 2015-ல் அமெரிக்காவின் ப்ளூ பெல் ஐஸ்கிரீம் விவகாரத்தில் மார்ச் மாதம் சில வகைகளை மட்டும் திரும்பப் பெற்றார்கள், ஏப்ரல் 20-ல் அந்தக் கம்பெனியின் எல்லாப் பொருளும் திரும்பப் பெறப்பட்டது. 2008-09ல் பீனட் கார்ப்பரேஷன் ஆஃப் அமெரிக்கா என்ற கம்பெனியின் வேர்க்கடலைப் பசையில் சால்மோனெல்லா இருந்தபோது, அந்தப் பசையை வாங்கி பிஸ்கட், மிட்டாய், ஐஸ்கிரீம் செய்த மற்ற கம்பெனிகளின் பொருள்களும் சேர்ந்து 3,900-க்கும் மேற்பட்ட பொருள்கள் திரும்பப் பெறப்பட்டன. 714 பேருக்கு நோய், 9 மரணம். சோதனையில் கிருமி இருப்பது தெரிந்தும் விற்றதற்காக அதன் தலைவருக்கு 2015-ல் 28 ஆண்டு சிறை. மூலப்பொருள் ஒன்று கெட்டால் உறையில் பெயரே வராத பத்து இடத்துக்கு அது போகிறது என்பதால், இரண்டு மூன்று வாரம் பட்டியலைத் திரும்பத் திரும்பப் பாருங்கள்.

மூன்றாவது வேலை: பொருள் வீட்டில் இருந்தால்

சுவைத்துப் பார்க்காதீர்கள். முகர்ந்து பார்த்து முடிவு செய்யாதீர்கள். நோய் உண்டாக்கும் கிருமிகள் பெரும்பாலும் வாசனையையோ நிறத்தையோ மாற்றுவதில்லை. உணவை ஊசிப்போகச் செய்பவை வேறு வகைக் கிருமிகள். தேதி தாண்டவில்லை என்பதும் ஒரு சமாதானம் இல்லை, கிருமி தொழிற்சாலையிலேயே கலந்திருந்தால் முதல் நாளிலிருந்தே அது உள்ளே இருக்கிறது.

"நல்லா வேகவெச்சா கிருமி செத்துடுமே?" இந்தக் கேள்வி எல்லா வீட்டிலும் வரும். பொதுவாக, உள்பகுதி 74 டிகிரி செல்சியஸ் வரை சூடானால் சால்மோனெல்லாவும் லிஸ்டீரியாவும் ஈ.கோலையும் சாகும், உண்மைதான். ஆனாலும் ரீகால் செய்த பொருளைச் சமைத்துச் சாப்பிடாதீர்கள். ஸ்டஃபைலோகாக்கஸ் கிருமி விட்டுச்செல்லும் நச்சு கொதித்தாலும் அழியாது, பேசிலஸ் சீரியஸ் உண்டாக்கும் வாந்தி நச்சும் அப்படித்தான். அதைவிட முக்கியம், சமைப்பதற்கு முன் அந்தப் பொருள் உங்கள் கையில், கத்தியில், பலகையில், குழாயின் கைப்பிடியில் பட்டுவிடுகிறது. அடுப்பில் வைத்தது சுத்தமாகிவிடும், பலகையில் நறுக்கிய பழம் சுத்தமாகாது. ஃப்ரீசரில் வைத்தாலும் கிருமி சாகாது, காத்திருக்கும். பச்சை மாவும் இதே கதைதான். 2016-ல் அமெரிக்காவில் மாவில் இருந்த ஈ.கோலையால் 63 பேர் நோய்வாய்ப்பட்டார்கள், அவர்களில் சிலர் வேகாத மாவை ருசி பார்த்தவர்கள், சில குழந்தைகள் பிசைந்த மாவை வைத்து விளையாடியவர்கள்.

இப்போது இரண்டு வழி. வீட்டில் யாருக்கும் உடம்பு சரியில்லாமல் போகவில்லை என்றால், திறந்த பொருளோ திறக்காததோ, ஒரு பைக்குள் போட்டு நன்றாக முடிந்து, அறிவிப்பில் சொன்னபடி கடையில் திருப்பிக் கொடுங்கள் அல்லது மூடி உள்ள குப்பைத் தொட்டியில் போடுங்கள். எறிவதற்கு முன் எண்ணைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள், பணம் திரும்பக் கேட்க அதுவே சாட்சி. நாய்க்கோ பூனைக்கோ ஆட்டுக்கோ போட்டுவிடாதீர்கள், அவற்றுக்கும் நோய் வரும், அவற்றிடமிருந்து நமக்கும் வரும். பக்கத்து வீட்டுக்கோ வேலைக்கு வருபவருக்கோ கொடுப்பதைப் பற்றிப் பேசவே தேவையில்லை.

யாருக்காவது உடம்பு முடியாமல் போயிருந்தால் எறியாதீர்கள். இரண்டு பைகளில் அடுத்தடுத்துப் போட்டுக் கட்டி, "சாப்பிடக் கூடாது" என்று பெரிதாக எழுதி, மற்ற உணவு படாத ஒரு மூலையில் ஃபிரிட்ஜில் வையுங்கள். பொது சுகாதாரத் துறை கேட்டால் சோதனைக்குக் கொடுக்கலாம். சொவெட்டோ காப்பகத்தில் மிச்சம் இல்லாமல் போயிருந்தால் இன்னும் எத்தனை நாள் ஆகியிருக்குமோ.

வீங்கிய, கசியும், பிதுங்கிய டின் என்றால் மட்டும் திறக்கவே திறக்காதீர்கள். பாட்டுலிசம் என்ற நரம்பு நச்சு ஆபத்து அதில் உண்டு.

நான்காவது வேலை: ஃபிரிட்ஜ்

பொருளை எறிந்துவிட்டு இதைச் செய்யாமல் விடுபவர்கள் அதிகம். லிஸ்டீரியா விஷயத்தில் இது பெரிய தப்பு. நோய் தரும் மற்ற பெரும்பாலான கிருமிகள் 4 டிகிரிக்குக் கீழே பெருகாமல் அடங்கிக் கிடக்கும்போது, இது அந்தக் குளிரிலும் மெதுவாகப் பெருகும்.

எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். தட்டுகளையும் காய் வைக்கும் டிரேயையும் கழற்றிச் சூடான சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள். குளிர்ந்த கண்ணாடித் தட்டில் உடனே சுடுதண்ணீர் ஊற்றினால் விரிசல் விடும், கொஞ்ச நேரம் வெளியில் வைத்துவிட்டுக் கழுவுங்கள். உள் சுவர்கள், பிறகு கதவு ஓரத்து ரப்பர். அந்த ரப்பரின் மடிப்பை விரலால் விரித்துப் பாருங்கள், கறுப்பாகப் பிசுபிசுவென்று ஏதோ படிந்திருக்கும். பழைய பல்துலக்கும் பிரஷ் ஒன்றை சோப்பில் நனைத்து அந்த மடிப்பு முழுக்க ஓட்டுங்கள். காய் டிரே இருந்த இடத்துக்குப் பின்னால் பல ஃபிரிட்ஜில் தண்ணீர் வடியும் சின்னத் துளை இருக்கும், இறைச்சி நீரோ பாலோ சிந்தினால் கடைசியில் போய்ச் சேரும் இடம் அதுதான். தட்டுகளின் அடிப்பக்கத்தையும் விடாதீர்கள். சோப்பால் கழுவித் துடைத்த பிறகு, ஏறக்குறைய 4 லிட்டர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி வாசனை சேர்க்காத ப்ளீச் கலந்து துடைத்துக் காய விடுங்கள். ப்ளீச்சோடு வேறு எந்தக் கிளீனரையும் சேர்க்காதீர்கள், விஷவாயு வரும். துடைத்த துணியைச் சுடுதண்ணீரில் துவைத்துவிட்டுக் கையை 20 நொடி சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

அந்தப் பொருளைக் கொட்டி வைத்திருந்த டப்பா, கரண்டி, அதை நறுக்கிய பலகை, துணிப்பை, இவற்றுக்கும் இதே கவனிப்பு. அந்தப் பொருளைத் தொட்டபடி மூடாமல் இருந்த வேறு உணவு இருந்தால் அதையும் எறிந்துவிடுங்கள்.

ஐந்தாவது வேலை: சாப்பிட்டுவிட்டோமே, இப்போது?

முதலில், பதறாதீர்கள். ரீகால் ஆன பொருளைச் சாப்பிட்ட பெரும்பாலானவர்களுக்கு எதுவும் ஆவதில்லை. அறிகுறி இல்லாதவர்கள் ஓடிப்போய்ப் பரிசோதனை செய்ய வேண்டிய அவசியம் பொதுவாகக் கிடையாது. எத்தனை நாள் கவனிக்க வேண்டும் என்று தெரிந்தால் போதும். அது கிருமிக்குக் கிருமி மாறும்.

ஸ்டஃபைலோகாக்கஸ் நச்சு என்றால் அரை மணியிலிருந்து எட்டு மணி நேரத்துக்குள் வாந்தி தொடங்கிவிடும். நோரோவைரஸ் 12 முதல் 48 மணி நேரம். சால்மோனெல்லா 6 மணி நேரத்திலிருந்து 6 நாள் வரை. சிறுநீரகத்தைத் தாக்கும் ஈ.கோலை வகை பெரும்பாலும் மூன்று நான்கு நாள் கழித்து. கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் ஏ 15 முதல் 50 நாள். லிஸ்டீரியா பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் தெரியும், சிலருக்குப் பத்து வாரம் வரை கூட ஆகலாம். வயிறு கெட்டவுடன் கடைசியாகச் சாப்பிட்டதைத் திட்டுவது நம் எல்லாருக்கும் பழக்கம், ஆனால் இந்த நாள் கணக்கைப் பார்த்தால் உண்மையான குற்றவாளி போன வாரமோ போன மாதமோ சாப்பிட்டதாக இருக்கலாம். அதனால்தான் எப்போது சாப்பிட்டோம், எவ்வளவு, யார் யார் சாப்பிட்டார்கள் என்று அறிவிப்பைப் பார்த்த அன்றே எழுதி வைக்கச் சொல்கிறேன்.

தாமதிக்காமல் டாக்டரிடம் போக வேண்டிய நேரம்: மலத்தில் ரத்தம், 102 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் காய்ச்சல், மூன்று நாளுக்கு மேல் வயிற்றுப்போக்கு, தண்ணீர் கூடத் தங்காத வாந்தி, சிறுநீர் குறைவது, எழுந்து நின்றால் தலைசுற்றுவது. பார்வை மங்குவது, இமை தொங்குவது, விழுங்க முடியாமல் போவது, பேச்சு குழறுவது என்றால் பாட்டுலிசமாக இருக்கலாம், அது அவசர சிகிச்சைப் பிரிவுக்கு நேராகப் போக வேண்டிய விஷயம்.

கர்ப்பிணிகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். லிஸ்டீரியா அவர்களுக்கு மற்றவர்களைவிடப் பத்து மடங்கு அதிகமாக வரக்கூடியது. தாய்க்கு லேசான காய்ச்சலும் உடம்பு வலியுமாக, சாதாரண ஃப்ளூ போலவே இருக்கும். வயிற்றுப்போக்கு இல்லாமலும் போகலாம். ஆனால் கருச்சிதைவோ, குழந்தை இறந்து பிறப்பதோ, பிறந்த குழந்தைக்குக் கடும் தொற்றோ வரலாம். லிஸ்டீரியா ரீகாலில் வந்த பொருளைச் சாப்பிட்ட கர்ப்பிணிக்கு அடுத்த பத்து வாரத்தில் காய்ச்சல் வந்தால், "சீசன் காய்ச்சல்" என்று மாத்திரை போட்டுக்கொண்டு இருக்காமல் அன்றைக்கே டாக்டரைப் பார்த்து, இன்ன பொருளைச் சாப்பிட்டேன், அது லிஸ்டீரியாவுக்காகத் திரும்பப் பெறப்பட்டது என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொன்னால்தான் ரத்தப் பரிசோதனை செய்வார்கள், சரியான நேரத்தில் ஆன்டிபயாடிக் கொடுத்தால் குழந்தையைக் காப்பாற்ற முடியும். 65 வயது தாண்டியவர்கள், புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்கள், மாற்று உறுப்பு பெற்றவர்கள், ஸ்டீராய்டு எடுப்பவர்கள் ஆகியோருக்கும் இதே எச்சரிக்கை.

குழந்தைகளுக்கு மலத்தில் ரத்தம் வந்தால் வீட்டில் இருக்கும் பேதி நிறுத்தும் மாத்திரையையோ மிச்சமிருக்கும் ஆன்டிபயாடிக்கையோ கொடுத்துவிடாதீர்கள். சிறுநீரகத்தைத் தாக்கும் ஈ.கோலை என்றால் இவை நிலைமையை மோசமாக்கலாம். அந்தச் சிறுநீரகச் சிக்கல், வயிற்றுப்போக்கு தொடங்கிச் சுமார் ஒரு வாரம் கழித்து, பேதி குறைந்து நிம்மதியாகும் நேரத்தில்தான் தலைகாட்டும். முகம் வெளிறுவது, சோர்ந்து கிடப்பது, சிறுநீர் குறைவது ஆகியவை அதன் அடையாளம்.

இவ்வளவு கடுமையாக இல்லாத வயிற்றுப்போக்குக்கு நீரிழப்பைத் தடுப்பதுதான் முதல் சிகிச்சை. ஓ.ஆர்.எஸ் பாக்கெட் இருந்தால் அதில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் கலந்து கொடுங்கள். இல்லையென்றால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் ஆறு தட்டையான தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. உப்பு அளவு கூடிவிடக் கூடாது. வாந்தி இருந்தால் ஒரே மூச்சில் குடிக்கக் கொடுக்காமல் கரண்டி கரண்டியாகக் கொடுங்கள்.

டாக்டரிடம் போனால் மலப் பரிசோதனை தேவையா என்று நீங்களே கேளுங்கள். சாதாரணமாக மருந்து எழுதி அனுப்பிவிடுவார்கள், அவர்கள் பக்கமும் நியாயம் உண்டு, பெரும்பாலான பேதி தானாகச் சரியாகிவிடும். ஆனால் ரீகால் பொருள் சம்பந்தப்பட்டிருக்கிறது என்று தெரிந்தால் அவர்களும் வேறு மாதிரி யோசிப்பார்கள்.

ஆறாவது வேலை: தெரிவிப்பது

சந்தேகமாக இருந்தாலும் தெரிவியுங்கள். உள்ளூர் சுகாதாரத் துறைக்கோ உணவுப் பாதுகாப்பு அதிகாரிக்கோ சொல்லும்போது பொருளின் பெயர், பேட்ச் நம்பர், எங்கே எப்போது வாங்கியது, எப்போது சாப்பிட்டது, எத்தனை மணி நேரம் அல்லது எத்தனை நாள் கழித்து என்ன அறிகுறி, சாப்பிட்ட மற்றவர்களுக்கு என்ன ஆனது, சாப்பிடாதவர்களுக்கு ஏதாவது வந்ததா என்பதைச் சொல்லுங்கள். கடைசிக் கேள்வியை யாரும் யோசிப்பதில்லை, விசாரணைக்கு அதுதான் தங்கம். ஒரே பொருளைப் பற்றி வெவ்வேறு ஊரிலிருந்து மூன்று பேர் சொன்னாலே தேடுபவர்களுக்கு ஒரு நூல் கிடைத்துவிடும். ஆதாரம் கையில் இல்லாமல் சமூக ஊடகத்தில் கம்பெனி பெயரைப் போட்டுத் திட்டுவதைவிட இது பலன் தரும்.

பால் பவுடர் விஷயத்தில் இன்னும் ஒரு படி மேலே போங்கள். 2017 டிசம்பரில் பிரான்சில் லாக்டாலிஸ் நிறுவனத்தின் குழந்தைப் பால் பவுடரில் சால்மோனெல்லா இருப்பது தெரிந்து, கடைசியில் 83 நாடுகளிலிருந்து 1 கோடியே 20 லட்சம் பெட்டிகளைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. அறிவிப்பு வந்த பிறகும் சில கடைகளில் அவை விற்கப்பட்டது பின்னால் தெரியவந்தது. கடைத் தட்டில் இருக்கிறது என்பதை வைத்து அது பாதுகாப்பானது என்று எடுத்துக்கொள்ள முடியாது. பால் பவுடர் கிருமியே இல்லாத பொருளும் இல்லை, அதனால்தான் 70 டிகிரிக்குக் குறையாத சூட்டில் உள்ள தண்ணீரில் கலக்கி, ஆறவைத்துக் கொடுக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். ரீகால் ஆன டப்பாவுக்கு மாற்றாக வேறு வகைக்கு மாறும்போது, குழந்தைக்குச் சிறப்பு உணவு எழுதிக் கொடுத்திருந்தால் குழந்தை மருத்துவரிடம் கேட்டுவிட்டு மாறுங்கள். தண்ணீரைக் கூட்டி இருப்பதை நீட்டிக்க முயற்சி செய்யாதீர்கள்.

பட்டியலில் உள்ள பேட்ச் இன்னும் கடையில் விற்பனைக்கு இருப்பதைப் பார்த்தால், அதைப் படம் எடுத்துக்கொண்டு கடை மேலாளரிடம் அறிவிப்பைக் காட்டுங்கள். பெரும்பாலும் அவருக்கே தெரிந்திருக்காது, உடனே எடுத்துவிடுவார். எடுக்கவில்லை என்றால் அந்தப் படத்தோடு உணவுப் பாதுகாப்பு அதிகாரிக்குத் தெரிவியுங்கள், கடையின் பெயர், நேரம், பேட்ச் நம்பர் மூன்றும் அதில் இருக்கட்டும்.